எந்தச் சோடா?

பெங்களூருவின் நீலசந்திராப் பகுதியில் உள்ள ஒரு மளிகைக் கடைக்கு முன் நின்று ஒரு சிறுமி, "அண்ணா, ஒரு பொட்டலம் சோடா கொடுங்கள்" என்று கேட்டால், கடைக்காரர் உடனே எடுத்துக் கொடுத்துவிட மாட்டார். "எந்தச் சோடாம்மா?" என்று திருப்பிக் கேட்பார். அந்தக் கேள்வியில் பெரிய அறிவு அடங்கியிருக்கின்றது.

ஆப்ப மாவில் ஒரு சிட்டிகை சேர்க்கும் ஆப்பசோடா ஒன்று உண்டு. கன்னடத்தில் அதனை 'அடுகெ சோடா' என்பர். அழுக்குத் துணிகளை ஊறவைக்கும் சலவைச் சோடா வேறு. அடைபட்ட கழிவுநீர்க் குழாயைத் திறப்பதற்கும் சோப்புச் செய்வதற்கும் பயன்படும் காஸ்டிக் சோடா இன்னும் வேறு. போதாக்குறைக்குக் கோலிக் குண்டு அடைத்த புட்டியில் விற்கும் பானத்திற்கும் சோடா என்றே பெயர். தமிழும் கன்னடமும் உருதும் ஒரே தெருவில் ஒலிக்கும் நீலசந்திராவில், இந்த ஒரு சொல் எல்லா மொழியினருக்கும் பொதுவாக இருக்கின்றது. அதனாலேயே குழப்பமும் பொதுவாகிவிடுகின்றது.

முதல் மூன்றும் வெண்மையானவை, நீரில் கரைபவை. பொட்டலத்தைப் பிரித்து ஒரு தட்டில் கொட்டினால் கண்ணால் வேறுபடுத்துவது எளிதன்று. ஆனால் ஒன்றை உண்ணலாம். ஒன்றைக் கையால் தொடலாம், உண்ணலாகாது. மூன்றாவதைத் தொடவும் கூடாது. வீட்டிலேயே சோப்புச் செய்து பயன்படுத்துவோர் இந்நகரில் இப்போது பலர் உள்ளனர். அவர்கள் எண்ணெயைத் தேர்ந்தெடுப்பதில் காட்டும் அக்கறையைக் காரத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் காட்டியாக வேண்டும். சோப்புக் கெட்டியாகுமா, கூழாகுமா என்பதும், அது தோலைத் தூய்மை செய்யுமா, புண்ணாக்குமா என்பதும் அந்தத் தேர்வைப் பொறுத்தவை.

காரம் என்னும் சொல்

'காரம்' என்றவுடன் மிளகாயின் உறைப்பே பலர் நினைவுக்கு வரும். அறிவியலில் அச்சொல் அமிலத்திற்கு எதிரான பொருளைக் குறிக்கின்றது. அமிலத்தோடு சேர்ந்து அதனைச் செயலிழக்கச் செய்து உப்பாக மாற்றுவது காரம். நீரில் கரையும் காரம் விரலில் பட்டால் வழுவழுப்பாக இருக்கும். அந்த வழுவழுப்பிற்குக் காரணம், தோலில் உள்ள கொழுப்பைக் காரம் சோப்பாக மாற்றத் தொடங்கிவிடுவதே!

பெயரில் காரம் இருப்பன எல்லாம் காரமாகிவிடா. வெங்காரம் மென்மையான காரத்தன்மை உடையது, பெயருக்கு ஏற்றது. படிகாரத்தைச் சீனாக்காரம் என்றும் அழைக்கிறோம். அதன் கரைசலோ அமிலத்தன்மை உடையது. பெயரைக் கொண்டு பொருளை முடிவு செய்வது மொழியிலும் தவறாகலாம், சமையலறையிலும் தவறாகலாம்.

தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் முதலியவற்றில் கொழுப்பு அமிலங்கள் மூன்று மூன்றாகக் கிளிசரால் என்னும் பொருளோடு பிணைந்து கிடக்கின்றன. வலிமையான காரம் அப்பிணைப்பை அறுக்கின்றது. விடுபட்ட ஒவ்வொரு கொழுப்பு அமிலமும் ஒரு கார மூலக்கூற்றோடு சேர்ந்து சோப்பாகின்றது; கிளிசரால் தனியே நிற்கின்றது. இதற்குச் சோப்பாக்குதல் என்று பெயர். முறையாக முடிந்த சோப்பில் எண்ணெயும் பழைய எண்ணெயாக இராது. எரிக்கும் காரமும் இராது.

பிணைப்பை அறுக்கும் ஆற்றல் எல்லாச் சோடாவிற்கும் இல்லை. ஆப்பசோடாவாகிய சோடியம் பைகார்பனேட்டிற்கு அது சிறிதும் போதாது. சலவைச் சோடாவாகிய சோடியம் கார்பனேட், துணியில் ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கைத் தளர்த்தும். தனியே பிரிந்து நிற்கும் கொழுப்பு அமிலத்தைச் சோப்பாக்கவும் செய்யும். ஆனால் முழு எண்ணெயை வீட்டுப் பாத்திரத்தில் சோப்பாக்க அதனால் இயலாது. ஒருநாள் முழுவதும் கிண்டினாலும் எண்ணெய் மேலும் சோடா நீர் கீழுமாகப் பிரிந்தே நிற்கும். சோப்பிற்கு வேண்டியவை ஹைட்ராக்சைடுகள். அவற்றுள் இரண்டு நடைமுறைக்கு ஏற்றவை: எரிசோடா என்னும் சோடியம் ஹைட்ராக்சைடு, எரிபொட்டாஷ் என்னும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. 'எரி' என்னும் அடைமொழி அலங்காரத்திற்குச் சேர்த்ததன்று.

களர்மண்ணும் சாம்பலும்

காரத்தைக் கொண்டு வெளுக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் மிகப் பழையது. புறநானூற்றில் ஒளவையார் பாடிய பாடலொன்றில், களர்நிலத்தில் தோண்டிய கிணற்றில் நாள்தோறும் ஆடை வெளுக்கும் பெண் ஒருத்தி குறிப்பிடப்படுகின்றாள். பயிருக்கு ஆகாத களர்மண், துணிக்கு ஆயிற்று. அம்மண்ணில் சோடியம் கார்பனேட் போன்ற உப்புகள் மிகுந்திருக்கும். பிற்காலத்திலும் சலவைத் தொழிலாளர்கள் உவர்மண்ணைக் கரைத்துத் துணியை நனைத்து, பெரிய பானையின் மேல் அடுக்கி, நீராவியில் வேகவைத்தனர். அதுவே வெள்ளாவி. 'வெள்ளாவியில் வைத்தது போல' என்னும் பேச்சு வழக்கு இன்றும் இருக்கின்றது. வெள்ளாவிப் பானைகளைக் காண்பதுதான் அரிதாகிவிட்டது.

மற்றொரு காரம் அடுப்பிலேயே கிடைத்தது. விறகுச் சாம்பலால் பாத்திரம் துலக்கிய வீடுகள் எண்ணற்றவை. சாம்பலை நீரில் ஊறவைத்துத் தெளிவை இறுத்தால் வருவது பொட்டாசியம் கார்பனேட் கலந்த சாம்பல்நீர். அசாம் மாநிலத்தில் வாழையை எரித்த சாம்பலிலிருந்து இறுத்த 'கார்' என்னும் நீர் சமையலுக்கே பயன்படுகின்றது. ஐரோப்பாவில் இத்தகைய சாம்பல்நீரைப் பானைகளில் வற்றக் காய்ச்சியதால் 'பானைச் சாம்பல்' என்னும் பொருளில் பொட்டாஷ் என்ற பெயர் ஏற்பட்டது. 1807-இல் ஹம்ப்ரி டேவி எரிபொட்டாஷிலிருந்து ஒரு புதிய உலோகத்தைப் பிரித்தெடுத்தபோது, அப்பெயரிலிருந்தே அதற்குப் பொட்டாசியம் என்று பெயரிட்டார். அரபு மொழியில் சாம்பலைக் குறித்த சொல்லே ஐரோப்பியரின் 'ஆல்கலி' ஆயிற்று.

சாம்பல்நீரோடு சுண்ணாம்பு சேர்த்தால் அது எரிபொட்டாஷாக மாறும். கால்சியம் கார்பனேட் வெண்மையாக அடியில் படியும். பழங்காலச் சோப்புத் தொழிலாளர்கள் வேதியியல் சமன்பாடு அறியாமலேயே இதனை அறிந்திருந்தனர். ஆனால் அந்தச் சோப்பு கட்டியாகாது. வெல்லப்பாகு போலக் குழைந்தே இருக்கும். அதில் சாதாரண உப்பைக் கலந்தபோது கெட்டியான சோப்புத் திரண்டு மேலே வந்தது. உப்பில் இருந்த சோடியம், பொட்டாசியத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டதே அதற்குக் காரணம். சோடியம் சோப்புக் கெட்டிப்படும். பொட்டாசியம் சோப்புக் குழையும். இந்த ஒரு வேறுபாட்டின் மேல்தான் காரத்தின் தேர்வு முழுவதும் நிற்கின்றது.

பூந்திக்கொட்டையையும் சீயக்காயையும் இவற்றோடு சேர்த்து எண்ணுதல் கூடாது. அவற்றில் நுரை தருவது சப்போனின் என்னும் இயற்கைப் பொருள். அங்கே காரமும் இல்லை, சோப்பும் இல்லை.

பெங்களூருவின் சோப்பு ஆலை

நீலசந்திராவிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், கிருஷ்ணராஜ வட்டத்தின் அருகே ஒரு காலத்தில் சிறிய சோப்பு ஆலை ஒன்று இயங்கியது. முதல் உலகப்போர்க் காலம் அது. மைசூர் அரசின் காடுகளில் விளைந்த சந்தன மரம் ஐரோப்பாவிற்கு ஏற்றுமதியாக வழியின்றித் தேங்கிக் கிடந்தது. மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரும் திவான் மோ. விசுவேசுவரய்யாவும் அதனை நாட்டிலேயே எண்ணெயாக வடிக்க முடிவு செய்தனர். பெங்களூருவின் இந்திய அறிவியல் நிறுவனத்தில் ஆய்வுகள் நடந்தன. 1916-இல் மைசூரில் சந்தன எண்ணெய் ஆலை தொடங்கப்பெற்றது. அந்த எண்ணெயைக் கொண்டு சோப்புச் செய்யும் கலையைக் கற்று வரும்படி எஸ். ஜி. சாஸ்திரி என்னும் இளம் வேதியியலாளரை அரசு இங்கிலாந்திற்கு அனுப்பியது. அவர் திரும்பிவந்து உருவாக்கியதே மைசூர் சாண்டல் சோப்பு. மக்கள் அவரைச் 'சோப்பு சாஸ்திரி' என்றே அழைத்தனர். ஆலை 1957-இல் ராஜாஜிநகர்ப் பகுதிக்கு இடம் மாறியது. 1980-இல் கர்நாடக சோப்புகள் மற்றும் சலவைப்பொருள்கள் நிறுவனத்தின் பகுதியாயிற்று. இன்று மெட்ரோ இரயிலின் பச்சை வழித்தடத்தில் ஒரு நிலையமே 'சாண்டல் சோப் ஃபேக்டரி' என்னும் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

சந்தனத்தின் மணத்தைப் பற்றியே எல்லாரும் பேசுவர். சோப்பைச் சோப்பாக்கும் எரிசோடாவைப் பற்றிப் பேசுவோர் குறைவு. அக்காலத்தில் இந்தியச் சோப்புத் தொழில் வெளிநாட்டு எரிசோடாவையே நம்பியிருந்தது. பின்னர் நிலைமை மாறியது. காவிரியின் குறுக்கே மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிக்கப்பெற்றது. 1936-இல் அங்கு மேட்டூர் கெமிக்கல் அண்டு இண்டஸ்டிரியல் கார்ப்பரேஷன் என்னும் நிறுவனம் தொடங்கப்பெற்று, எரிசோடா உற்பத்தியில் ஈடுபட்டது. உப்புக் கரைசலில் மின்சாரத்தைச் செலுத்தினால் எரிசோடாவும் குளோரின் வாயுவும் ஹைட்ரஜன் வாயுவும் கிடைக்கும். உப்பளங்கள் நிறைந்த தூத்துக்குடி மாவட்டத்தில் சாகுபுரத்திலும் பின்னர் இத்தொழில் வளர்ந்தது. காயல் கடல்நீரில் விளைந்த உப்பு, மின்சாரத்தால் காரமாகி, எண்ணெயோடு சேர்ந்து குளியலறைக்கு வருகின்றது.

பெரிய ஆலைகளில் பழைய முறைப்படி சோப்புக் காய்ச்சும்போது எரிசோடாவைச் சற்று மிகுதியாகவே சேர்ப்பதுண்டு. எண்ணெய் முழுவதும் மாறிவிட வேண்டும் என்பது அதன் நோக்கம். பிறகு உப்புநீர் ஊற்றினால் சோப்பு மேலே திரளும். மிஞ்சிய காரமும் கிளிசராலும் அடியில் உள்ள நீரோடு நீங்கிவிடும். வீட்டில் செய்பவருக்கு இந்த வசதி இல்லை. எண்ணெயும் காரநீரும் ஒரே பாத்திரத்தில் கலந்து, அப்படியே அச்சில் ஊற்றப்படுகின்றன. உள்ளே போனது எதுவும் வெளியே வருவதில்லை. ஆகவே ஆலையில் கழுவிச் சரிசெய்யும் பிழையை வீட்டில் தராசிலேயே தடுக்க வேண்டும்.

கட்டியா, குழம்பா?

கையில் பிடித்துத் தேய்க்கும் கட்டிச் சோப்பு வேண்டுமாயின் எரிசோடா. புட்டியில் ஊற்றிவைக்கும் திரவச் சோப்பு வேண்டுமாயின் எரிபொட்டாஷ். எரிபொட்டாஷால் செய்தது முதலில் பசை போல வரும். அதனை நெடுநேரம் சூடாக்கி, பின்னர் நீரில் கரைத்துத் திரவமாக்குவர். முகம் மழிக்கும் சோப்பில் இரண்டு காரங்களையும் சேர்ப்பது வழக்கம். கெட்டியும் வேண்டும், நிலைத்த நுரையும் வேண்டும் என்பதால். புதிதாகத் தொடங்குவோர்க்கு எரிசோடாக் கட்டியே நல்லது.

'இரண்டும் காரந்தானே, கிடைத்ததைப் போடலாம்' என்று எண்ணுவது பெரும்பிழை. எண்ணெயில் உள்ள ஒவ்வொரு கொழுப்பு அமிலத்திற்கும் ஒரு கார மூலக்கூறு தேவை. எரிசோடாவின் மூலக்கூற்று எடை 40. எரிபொட்டாஷின் எடை 56. எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டுமாயின், எரிபொட்டாஷை ஏறத்தாழ 1.4 மடங்கு எடை கூட்டி நிறுக்க வேண்டும். நெல்லிக்காய் நூறும் எலுமிச்சை நூறும் எண்ணிக்கையில் ஒன்று, எடையில் ஒன்றன்று என்பதைப் போன்றது இது.

500 கிராம் தேங்காய் எண்ணெயைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு கிராம் தேங்காய் எண்ணெயை முழுவதும் சோப்பாக்க ஏறத்தாழ 0.183 கிராம் எரிசோடா வேண்டும். 500 கிராமுக்கு 91.5 கிராம். முழு அளவையும் சேர்த்தால் தராசின் சிறு பிழைகூடத் தோலை உறுத்தும். எனவே 5 விழுக்காடு குறைத்து, ஏறத்தாழ 87 கிராம் சேர்ப்பர். சிறிது எண்ணெய் மாறாமல் எஞ்சும். அது தோலுக்கு மென்மை தரும். இதே எண்ணெயைத் திரவச் சோப்பாக்க, கிராமுக்கு 0.257 வீதம் 128.5 கிராம் எரிபொட்டாஷ் வேண்டும். 5 விழுக்காடு குறைத்தால் 122 கிராம். ஆனால் கடைகளில் கிடைக்கும் எரிபொட்டாஷ் பெரும்பாலும் 90 விழுக்காட்டுத் தூய்மையே உடையது. எஞ்சியதில் பெரும்பகுதி நீர். ஆகவே 122-ஐ 0.9-ஆல் வகுத்து, ஏறத்தாழ 136 கிராம் நிறுக்க வேண்டும்.

இப்போது பொட்டலங்கள் மாறிவிட்டால் என்ன ஆகும்? 87 கிராம் எரிசோடாவிற்குப் பதிலாக 87 கிராம் எரிபொட்டாஷைப் போட்டால், எண்ணெயில் மூன்றில் ஒரு பங்கிற்கு மேல் மாறாமல் நின்றுவிடும். கூழ் போன்ற பிசுபிசுப்பு மிஞ்சும், பொருள் வீணாகும், தீங்கு இல்லை. மாறாக, 136 கிராம் எரிபொட்டாஷிற்குப் பதிலாக 136 கிராம் எரிசோடா விழுந்தால், எண்ணெய் முழுவதும் மாறிய பின்னும் 44 கிராமுக்கு மேல் எரிசோடா அக்கட்டிகளுக்குள் ஒளிந்திருக்கும். பார்ப்பதற்கு அழகிய வெண்ணிறக் கட்டி. பச்சிளங்குழந்தையின் தோலில் பட்டால் புண்.

எண்ணெய் மாறினாலும் கணக்கு மாறும். நல்லெண்ணெய்க்குக் கிராமுக்கு ஏறத்தாழ 0.134 கிராம் எரிசோடா போதும். 500 கிராம் நல்லெண்ணெய்க்கு 67 கிராமே முழு அளவு. அதற்குத் தேங்காய் எண்ணெயின் கணக்கில் 87 கிராம் போட்டால் 20 கிராம் மிஞ்சும். வேப்பெண்ணெய்க்கும் புங்கெண்ணெய்க்கும் ஆமணக்கெண்ணெய்க்கும் தனித்தனி எண்கள் உண்டு. ஒரு வீட்டின் செய்முறையை மற்றொரு வீட்டில் எண்ணெயை மட்டும் மாற்றிப் பின்பற்றுவது ஆபத்தானது. கரண்டி, கிண்ணம், டம்ளர் ஆகியவற்றால் அளப்பதும் கூடாது. செதிலாக இருக்கும் எரிசோடாவும் மணியாக இருக்கும் எரிசோடாவும் ஒரே கிண்ணத்தில் ஒரே எடை நில்லா.

பொட்டலத்தில் பார்க்க வேண்டியவை

சோப்பிற்கு வாங்கும் காரத்தின் உறையில் அதன் வேதிப்பெயர் தெளிவாக அச்சிட்டிருக்க வேண்டும். தூய்மை அளவும் இருக்க வேண்டும். எரிசோடாவாயின் 97 அல்லது 98 விழுக்காட்டிற்குக் குறையாதது ஏற்றது. 'குழாய் அடைப்பு நீக்கி' என்று மட்டும் எழுதிய பொட்டலத்தை வாங்கலாகாது. அவற்றுட் சில எரிசோடாவே ஆயினும், சிலவற்றில் அலுமினியத் துகள்களும் பிற பொருள்களும் கலந்திருக்கும். சாக்கடைக்கு ஏற்றது சருமத்திற்கு ஏற்றதன்று.

பழைய பொட்டலமும் ஏமாற்றும். எரிசோடா காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக் கசியும். கார்பன் டைஆக்சைடையும் ஏற்றுக்கொண்டு மெல்ல மெல்லச் சலவைச் சோடாவாக மாறும். திறந்து கிடந்து பாறையாக இறுகிய எரிசோடாவை நிறுத்தால் எடை சரியாக இருக்கும். வலிமை சரியாக இராது. பெங்களூருவின் மழைக்காலத்தில் மூடி தளர்ந்த டப்பாவிற்கு இது விரைவில் நேரும்.

கரைக்கும் நீரையும் கவனிக்க வேண்டும். இந்நகரில் பல வீடுகளுக்கு ஆழ்துளைக் கிணற்று நீரே கிடைக்கின்றது. அதிலுள்ள கால்சியம், மக்னீசியம் உப்புகள் சோப்போடு சேர்ந்து கரையாத திரையை உண்டாக்கும். வாளியின் விளிம்பில் படியும் வெண்ணிறப் பிசுக்கு அதுவே. காய்ச்சி வடித்த நீர், மின்கலங்களுக்கு ஊற்ற விற்கப்படுவது, இதற்குப் போதும். எரிசோடாவின் எடையைப் போல இரு மடங்கு நீர் வேண்டும்; 87 கிராமுக்கு 174 கிராம்.

எரியும் பொருளைக் கையாளுதல்

மாணவர்கள் எரிசோடாவைத் தாமே கையாளுதல் கூடாது. பெரியவர்கள் செய்யும்போதும் கண்ணாடியும் கையுறையும் முழுக்கைச் சட்டையும் வேண்டும். எவர்சில்வர்ப் பாத்திரமோ வெப்பம் தாங்கும் கெட்டிப் பிளாஸ்டிக் பாத்திரமோ ஏற்றது. அலுமினியப் பாத்திரமும் இண்டாலியச் சட்டியும் ஆகா. எரிசோடா அவற்றை அரித்து, எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயுவை வெளியிடும்.

நீரில் எரிசோடாவைச் சிறிது சிறிதாகத் தூவ வேண்டும். எரிசோடாவின் மேல் நீரை ஊற்றலாகாது. கரையும்போது அடுப்பே இல்லாமல் நீர் கொதிநிலையை நெருங்கும் அளவிற்குச் சூடாகும். ஊற்றிய நீர் அடியில் சிக்கிக் கொதித்து முகத்தில் தெறிக்கக்கூடும். எழும் ஆவி தொண்டையைக் கரிக்கும் என்பதால் சன்னல் திறந்த இடமே தகும். ஆறிய காரநீரை எண்ணெயில் ஊற்றிக் கலக்கினால் கலவை மோர்க்குழம்பு போலத் தடிக்கும். கரண்டியால் எடுத்து மேலே விட்டால் கோடு பதிந்து நிற்பதே அச்சில் ஊற்றும் பதம். மறுநாள் கட்டியை வெட்டலாம். ஆனால் நான்கு முதல் ஆறு வாரம் காற்றாட உலர்த்திய பின்னரே பயன்படுத்த வேண்டும்.

தோலில் தெறித்தால் ஓடும் நீரில் 15 நிமிடத்திற்குக் குறையாமல் கழுவ வேண்டும். எலுமிச்சைச் சாறோ வினிகரோ தடவுதல் கூடாது. காரமும் அமிலமும் சேரும்போது எழும் வெப்பம் புண்ணை மிகுதியாக்கும். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். விழுங்கிய குழந்தையை வாந்தி எடுக்கச் செய்யலாகாது. இறங்கும்போது உணவுக்குழாயைச் சுட்ட காரம் ஏறும்போது மீண்டும் சுடும். 108 என்னும் எண்ணை அழைத்து, பொட்டலத்தையும் உடன் எடுத்துச் செல்ல வேண்டும். எந்தச் சோடா என்று மருத்துவரும் முதலில் கேட்பார். காலியான குளிர்பானப் புட்டியில் காரநீரை ஊற்றி வைக்கும் வழக்கம் சில வீடுகளில் இருக்கின்றது. குழந்தைகள் எரிசோடாவைக் குடித்துவிடும் கொடிய விபத்துகள் பெரும்பாலும் அங்கிருந்தே தொடங்குகின்றன.

அருஞ்சொற்பொருள்

எரிசோடா – சோடியம் ஹைட்ராக்சைடு. எரிபொட்டாஷ் – பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. களர்நிலம் – உப்பு மிகுந்து பயிருக்கு உதவாத நிலம். வெள்ளாவி – துணியை நீராவியில் வைத்து வெளுக்கும் முறை. இறுத்தல் – தெளிந்த நீரை வடித்தெடுத்தல். திரளுதல் – ஒன்றாய்க் கூடுதல். சருமம் – தோல். விழுக்காடு – நூற்றில் ஒரு பங்கு.

பயிற்சி

1. சலவைச் சோடாவால் வீட்டில் எண்ணெயைச் சோப்பாக்க இயலாதது ஏன்?

2. சாம்பல்நீரில் செய்த சோப்பு உப்புச் சேர்த்ததும் கெட்டியானதற்குக் காரணம் என்ன?

3. ஆலையில் காரம் மிகுந்தால் நீக்க முடிகின்றது, வீட்டில் முடிவதில்லை. பாடத்தைக் கொண்டு விளக்குக.

4. 400 கிராம் தேங்காய் எண்ணெயும் 100 கிராம் நல்லெண்ணெயும் கலந்து கட்டிச் சோப்புச் செய்ய எவ்வளவு எரிசோடா வேண்டும்? 5 விழுக்காடு குறைத்துக் கணக்கிடுக.

5. 'காரம்' என்னும் சொல்லை இரு வேறு பொருளில் அமைத்து இரண்டு தொடர் எழுதுக.

6. பிரித்து எழுதுக: களர்நிலம், வெள்ளாவி, வேப்பெண்ணெய், வெண்ணிறம்.

7. வீட்டிலும் அருகிலுள்ள கடையிலும் 'சோடா' என்று அழைக்கப்படும் பொருள்களைக் கேட்டறிந்து, ஒவ்வொன்றின் தமிழ்ப்பெயர், கன்னடப்பெயர், பயன் ஆகியவற்றை அட்டவணையாக எழுதுக. எரிசோடாப் பொட்டலத்தைத் திறவாமல், உறையில் உள்ளதை மட்டும் படித்து எழுதுக.